ஆம், இல்லை, இரண்டும் வேண்டாம்: ஆஸ்திரேலியத் திருமண வாக்கெடுப்பில் கிறிஸ்தவர் முன்னிருந்த வழிகள்

2017 செப்டம்பர் 12 முதல் ஆஸ்திரேலிய வாக்காளர் ஒவ்வொருவருக்கும் அந்நாட்டுப் புள்ளியியல் துறையிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு படிவமும் தபால்தலை ஒட்டத் தேவையில்லாத இன்னோர் உறையும் இருந்தன. படிவத்தில் ஒரே கேள்வி: தன்பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளும்படி சட்டத்தை மாற்ற வேண்டுமா? அதன்கீழ் ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். ஒன்றில் மட்டும் குறியிட்டு, உறையை ஒட்டி, தபால்பெட்டியில் போட வேண்டும். உறைக்குள் மினுமினுப்புத் தூள் போன்ற எதையும் சேர்த்து அனுப்பாதீர்கள், எண்ணும் இயந்திரங்கள் கெட்டுவிடும் என்று துறையே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு மக்கள் உற்சாகத்திலும் கோபத்திலும் இருந்தார்கள்.

முடிவு நவம்பர் 15 அன்று வெளியானது. 79.5 விழுக்காட்டினர் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தனர்; அவர்களில் 61.6 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றும் 38.4 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்றும் சொல்லியிருந்தனர். டிசம்பர் 7 அன்று நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 9ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அந்த வாக்கெடுப்பு முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டாலும், அப்போது கிறிஸ்தவர்கள் எடுத்த நிலைப்பாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றும் பயனுள்ளது. இதே வகைக் கேள்வி வேறு நாடுகளிலும், திருச்சபைகளின் சொந்த மன்றங்களிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. 2017இல் அவசரமாகக் கட்டத்தில் குறியிட்டவர்களில் பலர், தாம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னோம் என்பதைப் பிறகுதான் யோசித்தார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் இந்த வாக்கெடுப்பின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வழிகளை எடைபோடுவதில் அதற்குப் பங்கு உண்டு. 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் திருமணம் என்பதற்கு வரையறை இல்லாதிருந்தது. 2004இல் ஜான் ஹோவர்டின் அரசுதான் ‘ஓர் ஆணும் ஒரு பெண்ணும்’ என்ற சொற்களை அதில் சேர்த்தது. இதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று 2013இல் அந்நாட்டின் உச்ச மன்றமான உயர்நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே 2015இல் அயர்லாந்து நடத்தியதைப் போன்ற அரசமைப்புத் திருத்த வாக்கெடுப்பு ஆஸ்திரேலியாவுக்குத் தேவைப்படவில்லை. ஆளுங்கட்சிக்குள் இருந்த பிளவைச் சமாளிக்கவே மக்களிடம் கேட்பது என்ற யோசனை பிறந்தது. அதற்கான மசோதாவை மேலவை நிராகரித்ததும் அரசு புள்ளியியல் துறையின் வழியாக அஞ்சல் கணிப்பாக அதை நடத்தியது. பொதுத்தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக இருக்கும் நாட்டில், இதில் மட்டும் பங்கேற்பது அவரவர் விருப்பம். முடிவு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. சுருக்கமாக, சட்டப்படி வலுவில்லாத, அரசியல்படி மறுக்க முடியாத ஒரு வாக்கெடுப்பு.

2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியர்களில் 52 விழுக்காட்டினர் தம்மைக் கிறிஸ்தவர் என்றே பதிந்திருந்தனர். மதமில்லை என்றவர் 30 விழுக்காட்டினர். அந்த எண்களோடு 61.6ஐ வைத்துப் பார்த்தால் கிறிஸ்தவர்களில் கணிசமானோர் ‘ஆம்’ என்று குறியிட்டிருப்பார்கள் என்பதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. மறுபுறம், 150 தொகுதிகளில் ‘இல்லை’ வென்றவை 17 மட்டுமே. அவற்றில் 12 நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பெரும்பாலும் மேற்கு சிட்னியைச் சுற்றி அமைந்தவை. பிளாக்ஸ்லேண்ட் தொகுதியில் 73.9 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்றனர். ஈழத்தமிழரும் தமிழ்நாட்டினரும் நெருக்கமாக வாழும் பகுதிகளை உள்ளடக்கிய பாரமட்டாவில் ‘இல்லை’யின் பங்கு 61.6 விழுக்காடு, அதாவது நாடு முழுவதும் ‘ஆம்’ பெற்ற அதே எண். இந்தத் தொகுதிகளில் முஸ்லிம்கள், இந்துக்கள், மத்திய கிழக்கு மரபுக் கிறிஸ்தவர்கள், பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவர்கள் எனப் பலரும் கலந்து வாழ்கிறார்கள். முடிவை எந்த ஒரு சமூகத்தின் கணக்கிலும் எழுதிவிட முடியாது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதுக் கேள்வி என்பது உண்மை. அந்த ஆண்டில் இந்தியாவில் 377ஆம் பிரிவும் இலங்கையில் 365, 365அ பிரிவுகளும் தன்பாலின உறவையே குற்றமாக வைத்திருந்தன. குற்றமாகக் கருதப்பட்ட ஒன்றைத் திருமணமாகப் பதியலாமா என்ற கேள்விக்கு, இடையிலுள்ள படிகள் எதையும் கடக்காமல், ஒரே தாளில் பதில் சொல்லும்படி அவர்கள் கேட்கப்பட்டார்கள்.

அவர்கள் முன்னிருந்த வழிகளில் எளிதில் விளங்குவது, திருச்சபையின் போதனையை அப்படியே வாக்காக மாற்றி ‘இல்லை’ என்பது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம், அதை எடுத்துரைக்கும் இயேசுவின் சொற்கள் அடங்கிய மத்தேயு 19, தன்பாலின உறவைக் கண்டிக்கும் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரம். சிட்னியின் கத்தோலிக்கப் பேராயர் ஆன்டனி ஃபிஷரும் ஆங்கிலிக்கன் பேராயர் க்ளென் டேவிஸும் இந்த நிலையில் ஒன்றாக நின்றார்கள். டேவிஸின் மறைமாவட்டம் ‘இல்லை’ பிரசாரத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. கத்தோலிக்கருக்கு இங்கே இன்னோர் அடுக்கும் உண்டு. 2003இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்தோடும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுலின் ஒப்புதலோடும் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய இணைவுகளுக்குச் சட்ட ஏற்பு அளிப்பதைக் கத்தோலிக்கர் எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொன்னது. ஆகவே ‘இது அரசின் சட்டம்தானே, திருச்சபைக்கு என்ன’ என்று ஒரு கத்தோலிக்கர் எளிதாகக் கடந்துபோக முடியாது.

இந்த வழியின் வலிமை அதன் நேர்மை. சட்டம் எதையும் சும்மா அனுமதிப்பதில்லை, அனுமதிப்பதன் வழியாக ஒரு தலைமுறைக்கு எது இயல்பு என்று கற்றும் கொடுக்கிறது. ஆகவே பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பதோடு பிணைந்த ஓர் அமைப்பின் பொருளைச் சட்டம் மாற்றக்கூடாது என்று இவர்கள் சொல்வதில் ஒழுங்கான தர்க்கம் இருக்கிறது. அயலாரை வெறுப்பவர்கள் மட்டுமே இப்படிப் பேசுவார்கள் என்று எதிர்த்தரப்பினர் சிலர் அன்று எழுதியது நியாயமற்றது.

ஆனால் இந்த வழியில் போகிறவர் ஒரு கேள்விக்குப் பதிலை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்: விவாகரத்து. மத்தேயு 19இல் இயேசுவிடம் பரிசேயர் கேட்டதே விவாகரத்தைப் பற்றித்தான். ஆணும் பெண்ணும் என்ற வசனத்தை அவர் எடுத்துக்காட்டியதும் அதற்குப் பதிலாகத்தான். ஆஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், யார் மீதும் குற்றம் நிரூபிக்காமல், பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதும் என்று மணமுறிவை எளிதாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபை மணமுறிவுக்குப் பின் நடக்கும் மறுமணத்தை ஏற்பதில்லை. எனினும் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லிப் பேராயர்கள் யாரும் இன்று பத்து லட்சம் டாலர் ஒதுக்குவதில்லை. மோசே உங்கள் இருதயக் கடினத்தினிமித்தம் அதற்கு இடங்கொடுத்தார் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அதாவது இலட்சியத்துக்குக் கீழே நிற்கும் ஒரு சட்டத்தை வேதாகமமே அறிந்திருக்கிறது. இதற்கு ‘இல்லை’ தரப்பின் சிறந்த பதில், விவாகரத்துச் சட்டம் திருமணத்திலிருந்து வெளியேறும் வாசலை அகலமாக்கியது, இந்தச் சட்டமோ திருமணம் எது என்பதையே மாற்றுகிறது என்பதாகும். அந்த வேறுபாடு உண்மையானது. ஆனால் எல்லாரையும் திருப்திப்படுத்தும் அளவுக்கு அது பெரியதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இரண்டாவது வழியும் ‘இல்லை’ என்றே முடிகிறது; ஆனால் அதன் வேர் வேறு. தொலைக்காட்சியில் வந்த ‘இல்லை’ விளம்பரங்களை நினைவுபடுத்திப் பார்த்தால், அவற்றில் வேதவசனம் இராது. மூன்று தாய்மார்கள் வந்து பள்ளியில் தம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கப்படுமோ என்று கவலைப்படுவார்கள். மதச்சுதந்திரம், பேச்சுச்சுதந்திரம், பெற்றோரின் உரிமை ஆகியவையே பிரசாரத்தின் மையமாக இருந்தன. சபைகளில் ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நின்று பேசியவர்களிடமும் இதுதான் பேச்சு: நாளைக்குப் போதகரைக் கட்டாயப்படுத்துவார்களா? மறுத்தால் வழக்கா?

இந்தக் கவலை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. டாஸ்மேனியாவில் ஹோபார்ட் பேராயர் ஜூலியன் போர்டியஸ், திருமணம் பற்றிய ஆயர்களின் கையேட்டைக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வழியாக வழங்கியதற்காக, 2015இல் அவர் மீது பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் புகார் எழுந்தது. அந்தப் புகார் மறு ஆண்டு திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்றாலும், தன் விசுவாசத்தின் போதனையைத் தன் பள்ளியில் வழங்கிய ஓர் ஆயர் அதற்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்ற செய்தி ஆழமாகப் பதிந்துவிட்டது.

எனினும் ஒரு வாக்காளரின் கணக்காக எடுத்துக்கொண்டால் எல்லா வழிகளிலும் பலவீனமானது இதுதான் என்று நான் கருதுகிறேன். போர்டியஸ் மீதான புகார் வந்தது, தன்பாலினத் திருமணம் சட்டமாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு இடமளித்தது திருமணச் சட்டம் அல்ல, அந்த மாநிலத்தின் பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம். மதப்பள்ளிகள் யாரை வேலைக்கு வைக்கலாம், யாரை நீக்கலாம் என்பதும் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தின் விதிவிலக்குகளைச் சார்ந்தது. படிவத்தில் ‘இல்லை’ என்று குறியிட்டு அந்தச் சட்டங்களில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. போதகரைப் பொறுத்தவரையில், யாருக்கும் திருமணம் நடத்திவைக்க மறுக்கும் உரிமை திருமணச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் முன்பே இருந்தது. லிபரல் கட்சியின் மேலவை உறுப்பினர் டீன் ஸ்மித் முன்வைத்த வரைவு அதை இன்னும் விரிவாக எழுதியது. அந்த வரைவு 2017 ஆகஸ்டிலேயே பொதுவெளியில் இருந்தது. படித்துப் பார்க்க நினைத்தவர்களுக்குத் தடை இருக்கவில்லை.

நேர்மையாகச் சொன்னால், இந்தத் தரப்பு அஞ்சியதில் ஒரு பாதி பிற்பாடு நிரூபணமானது. இன்னும் விரிவான பாதுகாப்புகளைக் கோரிய மேலவை உறுப்பினர் ஜேம்ஸ் பேட்டர்சனின் மாற்று வரைவு முடிவு வெளிவந்த உடனே கைவிடப்பட்டது. மேலவையில் கொண்டுவரப்பட்ட மதச்சுதந்திரத் திருத்தங்கள் தோற்றன. மதச்சுதந்திரத்தை ஆராய அரசு அமைத்த, முன்னாள் அமைச்சர் ஃபிலிப் ரடக் தலைமையிலான குழு இருபது பரிந்துரைகளை வழங்கியது; அதைத் தொடர்ந்து வந்த மதப்பாகுபாட்டு மசோதா 2022 பெப்ரவரியில் கீழவையைக் கடந்தும் மேலவைக்குப் போகாமல் கிடப்பில் போடப்பட்டது. பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியை நம்பி ‘ஆம்’ சொன்னவர்கள் ஏமாந்ததாக உணர்ந்தால் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ‘இல்லை’ வென்றிருந்தால் அந்தப் பாதுகாப்பு வந்திருக்குமா என்று கேட்டால், வராது என்பதே பதில்; அப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவரும் தேவையே எந்த அரசுக்கும் இருந்திருக்காது.

மூன்றாவது வழி ‘ஆம்’ என்கிறது, ஆனால் திருச்சபையின் போதனையைத் தொடாமல். ஆலயத்தில் திருமணம் என்றால் என்ன என்பதைத் திருச்சபை சொல்லும். அரசின் பதிவேட்டில் யார் பெயர் ஏறலாம் என்பதை மக்கள் அனைவருக்கும் பொதுவான அரசு சொல்லும். இயேசு சபைக் குருவும் சட்ட அறிஞருமான ஃபிராங்க் பிரென்னன் தாம் ‘ஆம்’ என்றே வாக்களிக்கப்போவதாக வெளிப்படையாகச் சொன்னது இந்த அடிப்படையில்தான். முன்னாள் பிரதமர் கெவின் ரட், ஆலயத்துக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவர், 2013 மே மாதத்தில் தம் பழைய எதிர்ப்பைக் கைவிட்டபோதும் இதே பிரிப்பைத்தான் முன்வைத்தார்: அரசு அனுமதிக்கட்டும், எந்தத் திருச்சபையையும் கட்டாயப்படுத்த வேண்டாம். மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க முற்படக்கூடாது, பெரும்பாலோரால் விலக்க முடிந்த, பிறரைப் பாதிக்கும் பெரிய தீமைகளையே தடுக்க வேண்டும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருப்பதும் இவர்களுக்குத் துணை. பவுலின் சொல் இன்னும் நேரடியானது: ‘புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா?’

நடைமுறை உண்மையும் இந்த வழிக்குச் சாதகமாகவே இருந்தது. வாக்கெடுப்பு நடந்தபோதே ஆஸ்திரேலியத் திருமணங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை ஆலயத்துக்கு வெளியேதான் நடந்தன. பூங்காவிலும் கடற்கரையிலும் திராட்சைத் தோட்டத்திலும், மதம் சாராத மண நடத்துநர் முன்னிலையில் நடந்தன. திருச்சபை ஏற்கெனவே தன் கையை விட்டுப்போன ஒன்றைக் காப்பதாக நினைத்துப் போராடிக்கொண்டிருந்தது என்று இந்தத் தரப்பினர் சொன்னபோது, பதில் சொல்வது கடினமாகத்தான் இருந்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்கு இந்தப் பிரிப்பு ஏன் மனதில் ஒட்டவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு, 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற போதகர் ஆலயத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதே திருமணத்தின் சட்ட வடிவம். ஓலை வாசிப்பது (திருமண அறிவிப்பைச் சபையில் படிப்பது) முதல் பதிவேடு வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. மதம் சாராத பதிவு என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அது ஊர் வழக்கில் ‘ரிஜிஸ்டர் மேரேஜ்’, வீட்டை எதிர்த்துக்கொண்டு போகிறவர்களின் வழி. அப்படிப்பட்ட பழக்கத்திலிருந்து வந்தவரிடம் திருமணத்தில் அரசின் பாதி வேறு, ஆலயத்தின் பாதி வேறு என்றால், அது வழக்கறிஞரின் சாமர்த்தியமாகத்தான் தோன்றும்.

அந்தத் தயக்கத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. பிரான்ஸில் நகராட்சி மன்றத்தில் சட்டத் திருமணம் முடிந்த பிறகே ஆலயத்துக்குப் போக முடியும். அங்கே கோடு தெளிவாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் போதகரும் அரசின் அங்கீகாரம் பெற்ற மண நடத்துநரே. ஒரே சடங்கில், ஒரே கையெழுத்தில் இரண்டு வேலையும் முடிகிறது. பிரிப்பை மெய்யாகவே நம்புகிறவர்கள் அந்த அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆலயத்தில் ஆசீர்வாதத்தை மட்டும் நடத்த வேண்டும் என்ற பேச்சு சில சபைகளில் எழுந்தது. பெரிய திருச்சபைகள் எதுவும் அந்த அளவுக்குப் போகவில்லை. கத்தோலிக்கருக்கோ, மேலே சொன்ன 2003ஆம் ஆண்டு அறிக்கை குறுக்கே நிற்கிறது; பிரென்னனைப் பின்பற்றுகிறவர் அதைத் தாண்டி, ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்து பிள்ளைகளையும் வளர்க்கும் இணையருக்குச் சட்டத்தின் ஆதரவு கிடைப்பது பொதுநலனுக்கு உகந்ததே என்று தம் மனச்சான்றில் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

பாரமட்டா மறைமாவட்டத்தின் ஆயர் வின்சென்ட் லாங் இங்கே குறிப்பிடத் தக்கவர். வியட்நாமிலிருந்து படகில் அகதியாக வந்தவர் அவர். வாக்கெடுப்புக் காலத்தில் எழுதிய மேய்ப்புப்பணி மடலில் எந்தக் கட்டத்திலும் குறியிடச் சொல்லாமல், திருச்சபையின் திருமணப் போதனையை நினைவூட்டிவிட்டு, காலத்தின் அறிகுறிகளின் வழியாக ஆவியானவர் சொல்வதைக் கேட்கவும் இது ஒரு வாய்ப்பு என்று எழுதினார். அதே நகரத்தின் மற்றோர் ஆயர்பீடம் பிரசாரத்தில் முழுமூச்சாக இறங்கியிருந்த நேரத்தில் இது சிலருக்கு மழுப்பலாகத் தெரிந்தது. விசுவாசிகளை வளர்ந்தவர்களாக நடத்திய மடல் என்றே நான் எண்ணுகிறேன்.

நான்காவது வழி, விசுவாசத்தின் பேராலேயே ‘ஆம்’ என்பது. கோஸ்ஃபர்டின் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ராட் பவர், ஆலய வாசலிலிருந்த அறிவிப்புப் பலகையில் தன்பாலீர்ப்பாளருக்கு ஆதரவான வாசகங்களை 2013 முதலே எழுதி நாடறிந்தவரானார். மெதடிஸ்த உள்ளிட்ட சபைகள் இணைந்து உருவான ஐக்கியத் திருச்சபையிலும் இப்படிச் சிந்தித்தவர்கள் பலர் இருந்தனர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மெதடிஸ்த திருச்சபையில் வளர்ந்து ஆஸ்திரேலியா வந்தவர்களுக்கு இது பழக்கமான வீடு என்பதால், தமிழர்களும் அந்த விவாதத்துக்குள் இருந்தார்கள். இவர்கள் எடுத்துக்காட்டுவது அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தாம் அதிகாரம்: கொர்நேலியு வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைக் கண்ட பேதுரு, தான் தீட்டென்று எண்ணியிருந்தவர்களுக்கு ஞானஸ்நானத்தை எப்படி மறுப்பது என்று கேட்கிறான். இந்த வழிக்கு உள்ள பெரிய பாரம், ரோமர் முதல் அதிகாரத்தையும் கொரிந்தியருக்கு எழுதப்பட்டதையும் இன்றைய நிலையான இணைவுகளுக்குப் பொருந்தாதவை என்று நிறுவ வேண்டியிருப்பது. அதை எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி செய்ய இதுவரை யாராலும் முடியவில்லை. ஆனால் மற்ற மூன்று வழிகளும் மறந்துபோகும் ஒரு பக்கத்தை இது மறப்பதில்லை. ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றி நாடே விவாதிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பிள்ளையும் அந்தச் சபையின் உறுப்பினர்தான். அந்த வாரங்களில் மனநல உதவி அமைப்புகளை நாடிய இளைஞர் எண்ணிக்கை கூடியதாகச் செய்திகள் வந்தன. அந்த அழைப்புகளில் சில கிறிஸ்தவ வீடுகளிலிருந்து போயிருக்கும்.

படிவத்தை மேசையிலேயே விட்டுவிடுவதும் ஒரு வழியாக இருந்தது. சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையிடம் கேட்டுத் தீர்மானிப்பதே தவறு என்ற காரணத்துக்காக மறுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே காரணத்துக்காக உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்ற உரிமை ஆர்வலர்களே, தோற்ற மறுநாளிலிருந்து ‘ஆம்’ வாக்குச் சேகரிக்கப் புறப்பட்டுவிட்டார்கள். சபையில் யாரோடும் பகைக்க வேண்டாம் என்று ஒதுங்கியவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த அப்போதைய நிதியமைச்சர் ஸ்காட் மாரிசனும் முன்னாள் பிரதமர் டோனி அபட்டும் கீழவையின் இறுதி வாக்கெடுப்பில் பங்கேற்காமல் விலகி நின்றதும் ஏறக்குறைய இதே வகை.

பின்னர் நடந்தவற்றையும் வைத்து எடைபோட்டால் என் மதிப்பீடு இது. 2018ஆம் ஆண்டில் பதிவான 1,19,188 திருமணங்களில் தன்பாலின இணையருடையவை 6,538. புதிய சட்டம் போதகர்களுக்கு மறுக்கும் உரிமையைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. விருப்பமில்லாத போதகர் யாரும் அந்தத் திருமணங்களை நடத்திவைக்க வேண்டியிருக்கவில்லை. சண்டை வந்தது திருச்சபைகளுக்கு உள்ளேதான். 2018 ஜூலையில் ஐக்கியத் திருச்சபையின் பேரவை, திருமணம் பற்றிய இரண்டு வேறு விசுவாச அறிக்கைகளைச் சமமாக ஏற்று, எதன்படி நடப்பது என்பதை அந்தந்தப் போதகரிடம் விட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் வாங்கரட்டா மறைமாவட்டம் 2019இல் சட்டத் திருமணம் செய்தவர்களை ஆசீர்வதிக்க அனுமதித்தது. மறு ஆண்டு திருச்சபையின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதற்குத் தடை இல்லை என்றது. 2022இல், பணி ஓய்வு பெற்றிருந்த க்ளென் டேவிஸின் தலைமையில், இந்த மாற்றத்தை ஏற்காதவர்களுக்காகத் தென்சிலுவை மறைமாவட்டம் என்ற தனி அமைப்பே உருவானது. இவற்றில் எதையும் 2017ஆம் ஆண்டுப் படிவம் கேட்கவில்லை. ஆனால் அப்போது திருச்சபையின் போதனையைக் குறித்துத் தாம் வாக்களிப்பதாக எண்ணிய இரு தரப்பினரும் உண்மையில் இந்தச் சண்டைக்குத்தான் முன்கூட்டியே ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இப்படியொரு வாக்கெடுப்பு மறுபடி வந்தால், திருமணம் பற்றிய மரபான போதனையை முழு மனதோடு ஏற்பவருக்கும் மூன்றாவது வழியே பொருத்தமானது என்று சொல்வேன்; போதனையைத் திருச்சபைக்குள் காத்துக்கொண்டு, அதை ஏற்காத அயலாருக்குச் சட்டத்தில் இடம்விடுவது அது. சட்டத்தையும் எதிர்க்கத் திருச்சபை தன்னைப் பணிக்கிறது என்று நம்பும் கத்தோலிக்கர் முதல் வழியில் போகலாம். விவாகரத்துக் கேள்விக்குப் பதிலையும் கையில் வைத்திருக்கட்டும். வேத வாசிப்பிலேயே மனம் மாறியவர் நான்காவது வழியைத் தம் சபையிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போவது நல்லது, ஏனெனில் அவர் கேட்பது சட்ட மாற்றத்தோடு நிற்பதில்லை. மதச்சுதந்திரக் கவலை உள்ளவர் அந்தக் கவலையை உரிய சட்டத்திடம், உரிய தொகுதி உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டும். திருமணக் கேள்வியில் அதை ஏற்றிவைத்தால் இரண்டிலும் தோல்விதான்.

வாக்கு முடிந்துவிட்ட ஆஸ்திரேலியாவில் சபைக்குழுக்கள் முன் இன்றுள்ள கேள்வி சிறியது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. மத நிறுவனங்கள் தம் விசுவாசத்துக்கு ஒவ்வாத திருமணத்துக்கு மண்டபத்தையும் சேவைகளையும் மறுக்கலாம் என்று புதிய சட்டம் அனுமதிக்கிறது. பிறந்தநாளுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் வெளியாருக்கு வாடகைக்கு விடப்படும் ஆலய மண்டபங்கள் சிட்னியில் பல இருக்கின்றன. அந்த உரிமையைப் பயன்படுத்துவதா, பயன்படுத்துவதானால் மணமுறிவு பெற்றவரின் மறுமண விருந்துக்கும் அதே விதிதானா என்பதை, முதல் விண்ணப்பம் வந்து சேர்வதற்கு முன்பே குழு எழுத்தில் தீர்மானித்து, வாடகைப் படிவத்தோடு இணைத்து வைப்பது நல்லது.